பட்டா இல்லாத வீட்டுக்கு வம்சாவளி: வட ஆற்காட்டுக் கூலிக் குடும்பங்களின் முன்னோரைத் தேடும் வழி

நிலம் வைத்திருந்த குடும்பத்துக்கு வம்சாவளி எழுதுவது சுலபம். பட்டா, பத்திரம், பாகப்பிரிவினை, கோர்ட்டுத் தீர்ப்பு என்று நாலு தலைமுறைக்குக் காகிதம் வரிசைகட்டி நிற்கும். படியாளாகவும் பண்ணையாளாகவும் அன்றாடக் கூலியாகவும் இருந்தவர்களுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது என்று நினைத்துப் பலர் தேடாமலே விட்டுவிடுகிறார்கள். அவர்கள் பெயரும் காகிதத்தில் ஏறித்தான் இருக்கிறது. என்ன, அது அடுத்தவர் காகிதத்தின் ஓரத்தில் இருக்கும். பத்திரத்தின் நான்கெல்லையில், கடன் சீட்டுக்கு அடியில் போட்ட கீறலில், பண்ணை வீட்டு நெல் கணக்கில், அம்மன் கோயில் தலைக்கட்டு நோட்டில், கப்பலேறியவர் பட்டியலில் தேட வேண்டும்.

இங்கிலாந்தில் பண்ணைக்கூலிக் குடும்பங்களைத் தேடுகிறவர்கள் எழுதும் வழிமுறைகளைப் படித்துவிட்டு நம் ஊரில் அப்படியே செய்யப் போனால் ஏமாற்றம்தான். அங்கே 1538 முதல் தேவாலய ஏடுகள் இருக்கின்றன. 1837 முதல் அரசாங்கப் பிறப்பு, இறப்புப் பதிவு. 1841 முதல் பத்து வருஷத்துக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கில், கூலிக்காரர் வீட்டுக் கைக்குழந்தை வரை பேர்பேராக எழுதிய தாள்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நமக்கும் 1871 முதல் கணக்கெடுப்பு உண்டு. ஆனால் இங்கே மிஞ்சியது தொகைகளின் அட்டவணைதான். எந்த ஊரில் எத்தனை வீடு, எத்தனை பேர் என்று தெரியும். உங்கள் கொள்ளுத்தாத்தா பேர் தெரியாது. அதனால் கணக்கெடுப்பைத் தேடி நாளை வீணாக்க வேண்டாம்.

முதலில் ஆயாவிடம் உட்காருங்கள்

ஆபீஸ் படியேறும் முன்னால் குடும்பத்தில் உயிரோடு இருக்கும் மூத்தவர்களிடம் கேட்டு முடித்துவிட வேண்டும். காகிதம் அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும். ஆயா (பாட்டி) இருப்பார் என்று சொல்ல முடியாது.

"நம்ம வம்சத்தைச் சொல்லு ஆயா" என்று கேட்டால் ஒன்றும் வராது. ஒரு சம்பவத்தைப் பிடித்துக் கேளுங்கள். "ஆயா, நீ கண்ணாலம் கட்டிக்கினு வந்தப்ப உன் மாமியா உசுரோட இருந்திச்சா? அது எந்த ஊரு பொண்ணு?" என்று கேட்டால் மாமியாரின் ஊர், அண்ணன் தம்பி, யார் சீர் கொண்டுவந்தார்கள் என்று மடமடவென வரும். அந்தத் தலைமுறைப் பெண்கள் பலர் புருஷன் பேரையும் மாமனார் பேரையும் வாயால் சொல்ல மாட்டார்கள். அதை மறதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் இருக்கும் நாத்தனாரையோ பேரப்பிள்ளையையோ சொல்லச் சொல்லி, ஆயா தலையாட்டினால் குறித்துக்கொள்ளுங்கள்.

கேட்க வேண்டியவை: பெண் எடுத்த ஊர், பெண் கொடுத்த ஊர், குலதெய்வம் எங்கே, பங்காளிகள் யார் யார், எந்தப் பண்ணையில் வேலை செய்தார்கள், எந்த வருஷம் எங்கே பிழைக்கப் போனார்கள். இதில் குலதெய்வம் மிக முக்கியம். இருக்கும் ஊரில் மூன்று தலைமுறை ஆகியிருந்தாலும், வேறு தாலுகாவில் இருக்கும் பச்சையம்மனுக்கோ முனீஸ்வரனுக்கோ போய் மொட்டை போடுகிறார்கள் என்றால், குடும்பம் அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கலாம். அந்தக் கோயிலில் பொங்கல் வைக்கும் நாளில் போய் நின்றால், நீங்கள் கேள்விப்படாத பங்காளி வீடுகள் அங்கே வரும். பூசாரியிடமோ ஊர்ப் பெரியவரிடமோ தலைக்கட்டு வரி நோட்டு இருக்கும். வீட்டுக்கு ஒரு தலை என்று ஆண்கள் பேர் எழுதி வசூலித்த கணக்கு அது. ஒருவர் இறந்ததும் அவர் பேருக்கு எதிரே மகன் பேர் ஏறும். பழைய நோட்டுகள் நாலைந்து கிடைத்தால் பேர் மாறிய வருஷத்தை வைத்து இறந்த காலத்தைக் கிட்டத்தட்டக் கணிக்கலாம்.

மொய் நோட்டும் அப்படித்தான். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கும். பேருக்கு முன்னால் ஊர் எழுதியிருப்பதால், உறவு எந்தெந்த ஊரில் பரவியிருந்தது என்பதற்கு அதைவிட நல்ல வரைபடம் கிடையாது. கருமாதிப் பத்திரிகைகளையும் சேர்த்து வையுங்கள். மகன், மகள், மருமகன், பேரன் எல்லாரும் வரிசையாக அச்சாகியிருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. யார் வீட்டுக்குப் படியாளாக இருந்தார்கள் என்று கூட்டத்தில் கேட்காதீர்கள். கடனுக்காக அடிமைப்பட்டிருந்ததை, அடிபட்டதைப் பிள்ளைகளுக்கு முன்னால் சொல்ல விரும்பாதவர்கள் பலர். தனியாக இருக்கும்போது, "எந்த வூட்டுக் கழனில வேலை?" என்று கேட்டால் போதும். அவராகச் சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

வருஷத்தைப் பிடிப்பது

வாய்வழியாக வரும் காலத்தை ஊரறிந்த நிகழ்ச்சியில் முடிச்சுப் போட வேண்டும். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம், வாணியம்பாடியை அடித்துப்போன 1903 நவம்பர் பாலாற்று வெள்ளம், 1918 விஷக்காய்ச்சல், ரங்கூனில் குண்டு போட்டு ஆட்கள் திரும்பிவந்த 1942, சுதந்திரம், எம்.ஜி.ஆர். முதலமைச்சரான 1977. "அப்ப எங்க நைனா கைக்கொழந்த" என்பது போன்ற ஒரு வார்த்தை கிடைத்தால் பிறந்த வருஷம் ஏறக்குறைய வந்துவிடும்.

தமிழ் வருஷப் பெயரில் ஒரு பள்ளம் இருக்கிறது. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். தாது என்றால் 1876 மட்டுமல்ல, 1936-ம் 1996-ம் தாதுதான். ஆயா சொல்லும் தாது எது என்று இன்னொரு சம்பவத்தை வைத்துச் சரிபார்க்காமல் எழுதினால் இரண்டு தலைமுறை பிசகும்.

வருவாய்த்துறைக் கணக்குகளில் பசலி என்ற வருவாய் ஆண்டு இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில வருஷம்; ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூனில் முடியும். பசலி 1330 என்றால் 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரை. பழைய கையெழுத்தில் ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௹ ரூபாய், ௸ மேற்படி. இந்த ஐந்தும் தமிழ் எண்களும் கைவந்தால் பாதிப் பத்திரம் படித்துவிடலாம்.

பேர் மாறும், ஆள் ஒன்றுதான்

தேடல் அறுந்துபோவது பெரும்பாலும் பேரில்தான். நிலக் கணக்கில் முனியன், பள்ளிக்கூடத்தில் முனிசாமி, ஞானஸ்நானத்துக்குப் பிறகு மோசே. மூவரும் ஒருவரே என்று நிரூபிக்கத் தகப்பன் பேர், மனைவி பேர், தெரு மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துவர வேண்டும். ஒன்று மட்டும் ஒத்துவந்தால் பென்சிலில் எழுதிவையுங்கள்.

தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பதால் ஒரே பேர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வரும். ஒரே காலத்தில் இருந்த இரண்டு சின்னபையன்களில் யார் உங்களவர் என்பதற்கு 'பெரிய', 'சின்ன' என்ற முன்னொட்டும் பட்டப்பேரும்தான் கைகொடுக்கும். பட்டப்பேரைக் கேட்க வெட்கப்படாதீர்கள். குப்பன், குப்பு, பிச்சை என்ற பேர்களைக் கண்டால் நின்று கவனியுங்கள். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பையில் போட்டு எடுத்தும் பிச்சை எடுத்தும் வைத்த பேர்களாக அவை இருக்கலாம். அந்தப் பேர் கிடைத்தால் இறப்புப் பதிவேட்டில் அதற்கு முந்தைய சில வருஷங்களையும் புரட்டிப் பாருங்கள். அந்தக் குழந்தைகளுக்கும் உங்கள் வம்சாவளியில் ஒரு வரி வேண்டும்.

சாதிப் பேரும் காலத்துக்குக் காலம் மாறியது. ஆதிதிராவிடர் என்ற பெயரை 1922-ல் சென்னை அரசு ஏற்பதற்கு முந்தைய ஏடுகளில் பறையர், பஞ்சமர் என்றுதான் தேட வேண்டும். வன்னியர்கள் பழைய ஏடுகளில் பள்ளி என்று இருப்பார்கள். படிக்க மனசு வலிக்கும் சொற்கள் வரும். நகல் எடுக்கும்போது இருப்பதை இருக்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். திருத்தி எழுதினால் அடுத்தவர் அந்த ஏட்டில் அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

அப்போது அந்த ஊர் எந்த ஜில்லாவில் இருந்தது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் அலைந்தவர்கள் அதிகம். 1911 வரை வட ஆற்காட்டின் தலைநகரம் சித்தூர். அந்த வருஷம் சித்தூர் தனி ஜில்லாவானதும் தலைமையிடம் வேலூருக்கு வந்தது. அதே சமயத்தில் சேலம் ஜில்லாவிலிருந்து திருப்பத்தூர் தாலுகாவும், தென் ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை தாலுகாவும் இங்கே சேர்ந்தன. ஆகவே வாணியம்பாடிக்காரர் 1890-ல் கப்பலேறியிருந்தால் அவர் சீட்டில் ஜில்லா 'சேலம்' என்றிருக்கும். 1989-ல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தது. 2019-ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாயின. ஊர் பேரோடு 1911-க்கு முன், 1989-க்கு முன், இன்று என்று மூன்று காலத்துக்கும் தாலுகா, ஜில்லாவை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். காலனிக்குத் தனிப் பேர் இருந்தாலும் கணக்கில் அது வருவாய் கிராமத்தின் பேரில்தான் இருக்கும் என்பதால், அந்தப் பேரையும் கிராம எண்ணையும் வி.ஏ.ஓ.விடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நிலக் கணக்கில் நிலமில்லாதவர்

நிலம் இல்லை என்று சிட்டா பக்கமே போகாமல் இருந்துவிடாதீர்கள். மூன்று இடங்களில் கூலிக் குடும்பத்துப் பேர் வரும்.

ஒன்று, பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் தந்த அறிக்கையை ஒட்டி 1892-ல் பிறந்த அரசாணைப்படி தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைக்கப்பட்டது. முதல் பத்து வருஷம் விற்கக்கூடாது. அதன் பிறகும் அதே வகுப்பாருக்குத்தான் விற்கலாம். கிராமத்து நிலங்களைப் புல எண் வாரியாகப் பட்டியலிடும் ஏ-பதிவேட்டின் குறிப்புப் பகுதியில் 'டி.சி. நிபந்தனை' (டி.சி. என்றால் 'டிப்ரஸ்டு கிளாஸ்', தாழ்த்தப்பட்ட வகுப்பு) என்று இருக்கும் புல எண்களைக் குறித்துக்கொண்டு, பழைய செட்டில்மென்ட் பதிவேட்டில் அந்த எண்களுக்கு யார் பேர் இருக்கிறது என்று பாருங்கள். இன்று அந்த நிலம் யார் கையில் இருந்தாலும் முதலில் பெற்றவர் பேர் அங்கே இருக்க வேண்டும். புறம்போக்கு, தரிசு கேட்டுப் போட்ட தர்காஸ்து மனுக்களும் அப்படியே.

இரண்டு, அடங்கல் என்ற சாகுபடிக் கணக்கு. பட்டாதாரர் ஒருவர், சாகுபடி செய்தவர் வேறொருவர் என்றால் சில வருஷத்து அடங்கலில் சாகுபடிதாரர் பேரும் ஏறியிருக்கும். வாய்ப்பேச்சில் வாரத்துக்கு விட்டவர்கள் அதை எழுதவிடாமல் பார்த்துக்கொண்டதும் உண்டு. பேர் இல்லை என்பதால் உழவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். மூன்று, நத்தம்: வீட்டுமனைகளுக்கான கணக்கு.

1979-க்குப் பிறகு நடந்த யு.டி.ஆர். (நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும்) பணியில் தயாரான பதிவேடுதான் இப்போது இணையத்தில் கிடைப்பதற்கு அடிப்படை. அதில் பேர்ப் பிழை நிறைய. அதற்கு முந்தையதைப் பார்க்கத் தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் பதிவறை, கடைசியாக எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்று போக வேண்டும். பரம்பரைக் கர்ணம் (ஊர்க் கணக்கர்), மணியக்காரர் (கிராம முன்சீப்) பதவிகளை 1980 நவம்பரில் அரசு ஒழித்தபோது எல்லாக் கணக்கும் ஆபீசுக்கு வந்து சேரவில்லை. சில கர்ணம் வீடுகளின் பரணில் இன்னும் கட்டுக்கட்டாக இருக்கிறது. அங்கே போகும்போதும் பழைய பண்ணைக்காரர் வீட்டுக்குப் போகும்போதும், நில வழக்குக்காக வரவில்லை, தாத்தா பேரைத் தேடி வந்திருக்கிறோம் என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். பஞ்சமி என்ற சொல் காதில் விழுந்தாலே கதவைச் சாத்துகிறவர்கள் உண்டு. உள்ளே விட்டால் கேட்க வேண்டியது, களத்துமேட்டில் ஆளுக்கு எத்தனை மரக்கால், எத்தனை படி என்று எழுதிய நெல் கணக்கு நோட்டு.

பத்திரத்தின் ஓரம்

சார்பதிவாளர் ஆபீசில் உங்கள் முன்னோர் பேரில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் அநேகமாக ஒன்றும் வராது. சேரியை ஒட்டிய புல எண்களுக்கு வில்லங்கம் போடுங்கள். 1975 முதல் உள்ளவை இணையத்தில் கிடைக்கும். அதற்கு முந்தையதற்கு ஆபீசில் மனு கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும். பின்னர் அந்தப் பத்திரங்களின் நகல் வாங்குங்கள்.

நகலில் சொத்து விவரத்துக்கு நேராகப் போங்கள். "வண்டிப்பாட்டைக்கு வடக்கு, முனியன் மகன் சின்னபையன் வீட்டுக்குத் தெற்கு, ஏரி வாய்க்காலுக்குக் கிழக்கு" என்கிற மாதிரி நான்கெல்லை எழுதியிருக்கும். அந்த ஒரு வரியில் தகப்பன், மகன், வீடு இருந்த இடம், பத்திரத் தேதியில் அந்த வீடு சின்னபையன் பேரில் அறியப்பட்டது என்பது வரை நாலு சேதி கிடைக்கிறது. ஆனால் பழைய பத்திரத்தைப் பார்த்து அடுத்த பத்திரம் எழுதும்போது எல்லையை அப்படியே காப்பி அடிக்கும் பழக்கம் உண்டு. 1930-ல் இறந்தவர் 1955 பத்திரத்திலும் எல்லைக்காரராக உயிரோடு இருப்பார். முதன்முதல் அந்தப் பேர் வரும் பத்திரத்தைத்தான் நம்பலாம்.

கடைசிப் பக்கத்தையும் விடாதீர்கள். சாட்சிகள் அங்கேதான் இருப்பார்கள். எழுதத் தெரியாதவர் ஒரு கோடு கிழிக்க, பக்கத்தில் பத்திரம் எழுதியவர் 'இது முனியன் கீறல்' என்று எழுதியிருப்பார். பின்னாளில் அது இடது பெருவிரல் ரேகை ஆனது. உங்கள் கொள்ளுத்தாத்தாவின் கை பட்ட ஒரே தடயம் அதுவாக இருக்கலாம். அந்தப் பக்கத்தைத் தனியாகப் பெரிதாக்கி நகல் எடுங்கள்.

பள்ளிக்கூடம், பிறப்பு, இறப்பு, ஞானஸ்நானம்

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பன் பேர், சாதி, தொழில், ஊர் இருக்கும். பிறந்த தேதியை மட்டும் நம்ப வேண்டாம். தலைக்கு மேல் கையை வளைத்து எதிர்ப்பக்கக் காதைத் தொடவைத்து, தொட்டால் ஐந்து வயது என்று வாத்தியார் ஒரு தேதி போட்டுக்கொள்வார். மே, ஜூன் மாதத் தேதிகள் குவிந்து கிடப்பதற்குக் காரணம் இதுதான். ஒன்றிரண்டு வருஷம் முன்பின் வைத்துத் தேடுங்கள். லேபர் டிபார்ட்மென்ட் பள்ளிகள் பின்னாளில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாயின. பழைய பதிவேட்டை அங்கே கேளுங்கள்.

கிராமத்துப் பிறப்பு, இறப்புகளை மணியக்காரர் எழுதிவந்தார். பழைய ஏடுகளைச் சார்பதிவாளர் ஆபீசிலும் தாலுகா ஆபீசிலும் விசாரிக்க வேண்டும். பேர் வைக்கும் முன்பே பதிந்ததால் குழந்தை பேர் இருக்காது. தகப்பன் பேரில் தேடுங்கள். சேரியில் பல பிறப்புகள் பதிவாகவே இல்லை. 1918-ஐ ஒட்டிய இறப்பு ஏட்டில் ஒரே வீட்டில் வாரத்துக்குள் இரண்டு மூன்று பேர் வந்தால் அது விஷக்காய்ச்சலாக இருக்கலாம்.

கிறிஸ்தவக் குடும்பமென்றால் தேடல் வேகமாகும். 1853-ல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய அமெரிக்கன் ஆற்காடு மிஷனின் சபைகள் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் வேலூர் திருமண்டலத்தில் இருக்கின்றன. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்க ஏடுகளை அந்தந்தக் குருசேகரத்து ஆயரிடம் கேளுங்கள். தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டிச் சேத்துப்பட்டுப் பக்கம் கத்தோலிக்கத்தில் சேர்ந்தவர்கள் ஏராளம். அங்கே ஏடு லத்தீனில், பிரெஞ்சுச் சாமியார்கள் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பேர்களோடு இருக்கும். 'ஃபிலியஸ்' மகன், 'ஃபிலியா' மகள், 'பாட்ரினி' ஞானப் பெற்றோர். ஞானப் பெற்றோர் பலசமயம் நெருங்கிய சொந்தம். எழுதியதைப் பார்த்துப் புரியாவிட்டால் வாய்விட்டுப் படியுங்கள். ஊர் பேர் காதுக்குப் பிடிபடும்.

கப்பலும் தங்கவயலும்

குடும்பத்தில் 'தீவுக்குப் போனவர்', 'கோலாருக்குப் போனவர்' என்று ஒருவராவது இருப்பார். அவரை விட்டுவிடாதீர்கள். ஊரில் இருந்தவரைப் பற்றி ஒரு வரி இல்லாதபோது, போனவருக்கு ஒரு முழுப் பக்கம் இருக்கும். ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால், மொரீஷியஸ், பிஜி போனவர்களுக்குப் பேர், தகப்பன் பேர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பு அடையாளம் வரை எழுதிய சீட்டுகள் உண்டு. நேட்டாலுக்கு முதல் கப்பலான 'ட்ரூரோ' சென்னையிலிருந்து போய் 1860 நவம்பர் 16-ல் டர்பனை அடைந்தது. அங்கே போனவர்களில் வட ஆற்காட்டார் மிகுதி. மொரீஷியஸ் ஏடுகள் மோக்காவில் மகாத்மா காந்தி நிலையத்திலும், பிஜி சீட்டுகள் சுவாவில் தேசிய ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு குடியேற்ற எண் உண்டு. பேரைவிட அந்த எண்தான் முக்கியம். பிள்ளைகளின் கல்யாணச் சான்றிலும் அது தொடர்ந்து வரும்.

எழுத்துக்கூட்டல் குழப்பும். வந்தவாசி 'வாண்டிவாஷ்', ஆரணி 'ஆர்னி'. மொரீஷியஸில் தமிழர் எல்லாரையும் 'மலபார்' என்று எழுதியதைப் பார்த்துக் கேரளத்தில் போய்த் தேடியவர்கள் உண்டு. சாதியையும் பேரையும் மாற்றிச் சொல்லிக் கப்பலேறியவர்களும் உண்டு. ஊரும் தகப்பன் பேரும் ஒத்துவந்தால் சாதிப் பத்தி ஒத்துவராததை மட்டும் வைத்து அவரைத் தள்ளிவிடாதீர்கள். இலங்கைக்கும் மலேயாவுக்கும் ஆள்பிடிக்கும் கங்காணி மூலம் போனவர்களுக்கு இந்த மாதிரிச் சீட்டு கிடைப்பது அரிது. அவர்களுக்கு வீட்டில் இருக்கும் கடிதம், பாஸ்போர்ட்தான் வழி.

எழுதி வைப்பது

அக்காள் மகளைக் கட்டுவதும் மாமன் மகளைக் கட்டுவதும் நம் வழக்கம் என்பதால், இணையத்தில் கிடைக்கும் மரப்படிவம் சிக்கிக்கொள்ளும். ஒருவருக்கு ஒரு அட்டை போடுங்கள். பேர், மாற்றுப் பேர், தகப்பன், தாய், ஊர், கிடைத்த ஆதாரம், தேதி. யார் வாயால் வந்தது, எந்த ஏட்டில் எந்தப் பக்கம் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். தகப்பனுக்கும் மகனுக்கும் இடையில் பதினாறு வயதுக்குக் குறைவாகவோ அறுபதுக்கு மேலோ வந்தால், நடுவில் ஒரு தலைமுறை விழுந்திருக்கிறதா, இரண்டு பேரை ஒன்றாக்கிவிட்டோமா என்று திரும்பிப் பாருங்கள்.

ஆபீசுக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள். கலெக்டர் ஆபீசில் அன்று குறைதீர் கூட்டம், பதிவறைப் பக்கம் திரும்ப ஆள் இருக்காது. வாய்மொழியாகக் கேட்டு இல்லை என்று சொல்லிவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். 'என் முன்னோர் விவரம் வேண்டும்' என்று எழுதினால் திரும்பி வரும். கிராமத்தின் பேர், எண், புல எண், பசலி, பதிவேட்டின் பேர் ஐந்தையும் எழுதி நகல் கேளுங்கள். மே, ஜூன் மாதத்தில் ஜமாபந்தி (கிராமக் கணக்குத் தணிக்கை) நடக்கும்போது கிராமக் கணக்கெல்லாம் தாலுகா ஆபீசுக்குப் போய்விடும், வி.ஏ.ஓ. ஆபீசில் ஒன்றும் இருக்காது. உங்கள் கிராமத்துக்கு எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு அன்று தாலுகா ஆபீசிலேயே மனுவைக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள்.